திரை ஓரத்து எண்ணெய்ச் சிக்கு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. இதை நானே சொல்லிவிடுவது நல்லது, மற்றவர்கள் சொன்னால் கூட்டித்தான் சொல்வார்கள். தூத்துக்குடியில் பஞ்சு மூட்டை அடுக்கிவைத்திருந்த பழைய கிட்டங்கி ஒன்றைச் செப்பனிட்டு நடத்துகிற சின்ன ஓவியக் காட்சியகத்தில், கெட்டுப்போன படங்களைப் பழுது நீக்கிப் பாதுகாப்பது என் வேலை. எங்கள் ஊர் ஜனங்களுக்கு எதையும் கண்ணால் மட்டும் பார்த்தால் திருப்தி வராது. சேலைக் கடையில் முந்தானையைத் தேய்த்துப் பார்க்கிற கை, ஓவியத்தையும் தேய்த்துப் பார்க்கும். "தொடாதீங்க" என்று கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை கட்டிப்போகும். வாசலில் காவலுக்கு இருக்கும் அண்ணாச்சி, "மேடம், நீங்க ஒருக்க சத்தம் போட்டா துறைமுகத்துல கப்பல் நின்னுரும்" என்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் பின்னால் தொங்கவிடுவார்களே, அந்த வரைந்த திரைகளை வைத்து ஒரு கண்காட்சி நடத்தினோம். அதற்குத் திரைகள் வேண்டும் என்று பேப்பரில் கொடுத்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஆறுமுகநேரியிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார்கள். ஸ்டூடியோ வைத்திருந்த அவர்களுடைய வீட்டுக்காரர் இறந்து ஒரு வருஷம் ஆகிறது, கடையைக் காலி செய்யவேண்டும், திரை ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மறுநாளே வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

நல்ல திரை. பத்தடி உயரம், பன்னிரண்டடி அகலம். மாளிகைப் படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் ஏரி, ஏரியில் இரண்டு அன்னம், மேலே முழு நிலா. எல்லா ஊர்த் திரையிலும் இருக்கிற சரக்குதான். ஆனால் இதை வரைந்தவர் இந்தப் பக்கத்துக்காரர் போலிருக்கிறது, ஏரிக் கரையில் ஒரு கலங்கரை விளக்கத்தையும் கொண்டுவந்து நட்டிருந்தார். உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள் கல்யாணம் முடிந்த கையோடு இதற்கு முன்னால்தான் நின்றிருக்கிறார்கள். காயல்பட்டினத்துப் பிள்ளைகள் சவுதிக்கு விமானம் ஏறும் முன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இதற்கு முன்னால்தான் நின்றிருக்கிறார்கள். கண்ணாடி ஸ்டூடியோவுடையது. கோட்டும் ஸ்டூடியோவுடையதுதான்.

அந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, அழுத்தமான நடை. நாங்கள் திரையைச் சுருட்டுவதற்கு முன்னால், அவர்கள் இடது பக்கத்து ஓரத்துக்குப் போய், மார்பு உயரத்தில் ஓர் இடத்தில் உள்ளங்கையை வைத்தார்கள்.

"இங்கன கொஞ்சம் எண்ணெய்ச் சிக்கு இருக்கும்மா."

நான் தாமிரபரணிக் கரையில், நெல் விளையும் ஊரில் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் ஒரு பொருளை அடுத்தவர் கையில் கொடுக்கும்போது அதன் குறையைத்தான் முதலில் சொல்வார்கள். அண்டாவை இரவல் கொடுத்தால், "அடியில ஒரு நெளிசல் இருக்கு" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். என் அப்பா ஒரு தடவை பசுவை விற்றபோது, அது பால் கொடுக்கும் அளவைச் சொல்வதற்கு முன்னால் அது எந்தக் காலால் உதைக்கும் என்பதைச் சொன்னார். அப்படிச் சொல்லாவிட்டால் பின்னால் பேச்சு வரும், அது கௌரவக் குறைச்சல். இந்த அம்மாவும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

"அதுக்கென்னம்மா, கவலையே படாதீங்க. இருந்த இடமே தெரியாம எடுத்துருவேன்" என்றேன்.

அவர்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். நான் அதற்குள் வேன்காரரிடம், திரையை மடிக்கக் கூடாது, சுருட்டத்தான் வேண்டும் என்று சண்டைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது, "காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார்கள்.

மூன்று மாதம் அந்தத் திரையோடு மல்லுக்கட்டினேன். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கிற வஜ்ஜிரப் பசையில் தூள் வண்ணத்தைக் குழைத்துத் துணியில் பூசிய வேலை அது. தண்ணீர் பட்டால் வண்ணம் கரையும், சும்மா விட்டால் உதிரும், விரலை வைத்தால் விரலோடு வரும். போதாததற்கு ஆறுமுகநேரி உப்புக் காற்று. நிலாவின் மேல் வெள்ளை பூத்துக் கிடந்தது. உதிர்கிற வண்ணத்தை ஒட்டுவதற்கு ஜப்பானிலிருந்து கடற்பாசிப் பசை வரவழைத்தோம். இங்கே கடலில் முங்கிப் பாசி எடுக்கிற பெண்கள் எத்தனை பேர்! நாங்களோ பாசிக்கு ஜப்பானுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்துக்கிடந்தோம். எங்கே போய்ச் சொல்ல?

கடைசியாக அந்த ஓரத்துக்கு வந்தேன். ஓர் ஆப்பம் அளவுக்கு, கறுத்துப்போய், பிசுபிசுவென்று இருந்தது. தலையில் தேய்க்கிற எண்ணெய்தான். வருஷக்கணக்காக ஊறி, வண்ணத்தைத் தாண்டித் துணியின் பின்பக்கம் வரை இறங்கியிருந்தது. படம் எடுத்துக்கொள்ள வருகிறவன் நடுவில் அல்லவா உட்காருவான்? காமிராவில் விழாத ஓரத்தில் தலை எண்ணெய் எப்படி வந்தது என்று ஒரு கழுதைக்குக்கூடத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. கறையைக் கண்டால் எனக்குக் கை துறுதுறுக்கும், மூளை அந்த நேரம் வேலை செய்யாது.

துணிக்கு அடியில் ஒற்றுத்தாளை விரித்து, மேலிருந்து எண்ணெயைக் கரைக்கும் சால்வென்டைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். எண்ணெய் கரைந்து கீழே தாளில் இறங்கும். தாளை மாற்றவேண்டும். மறுபடி சொட்டு, மறுபடி தாள். வண்ணம் நகராமல் எண்ணெய் மட்டும் நகரவேண்டும், அதுதான் வித்தை. முகத்தில் முகமூடியும் கையில் உறையுமாக ஒன்பது நாள் குனிந்தே கிடந்தேன். பத்தாவது நாள் கறை போயே போச்சு. கைப்பிடிச் சுவரின் சாம்பல் நிறம் புதுசு போல வெளியே வந்தது. அண்ணாச்சியைக் கூப்பிட்டு, "கறை எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடிங்க பாப்போம்" என்றேன். அவர் தேடித் தேடிப் பார்த்துவிட்டுத் தோற்றுப்போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதோடு விட்டேனா? அந்த ஓரத்தின், கறை எடுப்பதற்கு முந்தின படத்தையும் பிந்தின படத்தையும் பெரிதாக அச்சடித்து, திரைக்குப் பக்கத்திலேயே பலகையில் மாட்டினேன். என் சாமர்த்தியம் ஊருக்குத் தெரியவேண்டாமா!

கண்காட்சி திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, "இந்தத் திரைக்கு முன்னால் எடுத்த உங்கள் படத்தைக் கொண்டுவாருங்கள்" என்று அறிவித்திருந்தோம். இருபது பேர் வந்தால் பெரிது என்று நினைத்தேன். திருச்செந்தூர் பஸ் ஒவ்வொன்றும் ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டது. ஆல்பத்தைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். கண்ணாடிச் சட்டத்தைச் சுவரிலிருந்து ஆணியோடு கழற்றிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் கறுப்புக் கண்ணாடியோடு நிற்கும் தம் படத்தைக் காட்டி, "இந்தப் படத்தைப் பார்த்துத்தான் எங்க வீட்ல சம்மதிச்சாங்க. கண்ணாடி இரவல்னு நிக்காஹ் முடிஞ்சப்புறம்தான் சொன்னேன்" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி சிரிக்கவில்லை.

அந்தக் கூட்டத்துக்குள் திரையின் இடது ஓரத்தில் ஒரு கை நீளுவதைப் பார்த்தேன்.

"தொடாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் மொத்தக் கூடமும் அமைதியாகிவிட்டது. ஒரு குழந்தை அழத் தொடங்கியது. கையை இழுத்துக்கொண்டு திரும்பினார்கள், ஸ்டூடியோக்கார அம்மா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரையைக் கொடுத்தவர்களையே அதட்டிவிட்டேனே!

"அய்யோ, நீங்களாம்மா? ஆள் தெரியாமச் சத்தம் போட்டுட்டேன்" என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"இல்லம்மா, நான் தொடல. இங்கனதானே இருந்துச்சுன்னு பாத்தேன்."

நான் அப்போதாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கவேண்டும். முந்திரிக்கொட்டை மாதிரி அவர்களைப் பலகைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "இங்க பாருங்க, எப்படி இருந்துச்சு. இப்ப எப்படி இருக்கு பாருங்க. ஒன்பது நாள் வேலைம்மா!"

அவர்கள் பிந்தின படத்தைப் பார்க்கவே இல்லை. கறையோடு இருந்த படத்துக்குப் பக்கத்தில் போய், கறையின் மேல் உள்ளங்கையை வைத்தார்கள். எடுக்கவில்லை. அதைத் தொடாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

"இது அவிய தலை" என்றார்கள்.

எனக்குப் புரியவில்லை. அவர்களே மெதுவாகச் சொன்னார்கள்.

"ஆள் வராத நேரம் ஸ்டூலை அங்கன இழுத்துப் போட்டுக்கிட்டு, திரையோட தலையைச் சாச்சு ஒக்காந்திருப்பாவ. முப்பது வருசத்துக்கு மேல. மத்தியானம் சோறு கொண்டுக்கிட்டுப் போனா அப்படித்தான் கண்ணை மூடிக் கெடப்பாவ. திரை அழுக்காவுது, தலையை எடுங்கன்னு நானும் தெனம் ஏசுவேன். சரி சரிம்பாவ. மறுநாளும் அங்கனதான்."

"வீட்டுல சாரோட படம் இருக்கும்லம்மா?" என்று கேட்டேன். எதையாவது பிடித்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது எனக்கு.

"கல்யாணப் படத்துல சின்னப் பயலா நிக்காவ. பொறவு எங்க? காமிராவுக்குப் பின்னாலயே இருந்துட்டாவ. ஆதார் கார்டுல உள்ளதைப் பெருசாக்கித்தான் மாலை போட்டிருக்கோம். அதைப் பாத்தா வேற ஆரோ மாதிரி இருக்கு." பலகையிலிருந்து கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டார்கள். "அவிய போன பொறவு, கடையைக் காலி பண்ணுத வரைக்கும் நான் தெனம் போயி அந்த எடத்துல கையை வச்சுட்டு வருவேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…"

"எண்ணெய்ச் சிக்கை வச்சிருன்னு படிச்ச பிள்ளைகிட்ட எப்படிச் சொல்லுதது? கிறுக்கச்சின்னு நெனச்சுருவியோன்னு இருந்துச்சு." பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள். என் கண் கலங்கியதைப் பார்த்திருப்பார்கள். அவர்கள்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். "விடுளா. தலையை எடுங்க, தலையை எடுங்கன்னு முப்பது வருசம் கத்துனேன். நீ ஒருத்திதான் என் பேச்சைக் கேட்டிருக்க."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றுபோய், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். நான் அவர்களைக் கட்டிக்கொண்டு அழுதேன். இருநூறு பேர் நடுவில், கழுத்தில் அடையாள அட்டையோடு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். படித்த படிப்பு, வாங்கிய பயிற்சி எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கடலில் போடலாமா என்று இருந்தது. ஒரு படத்தில் மனுஷக் கை பட்ட தடம் எதையும் விசாரிக்காமல் எடுக்காதே என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். அதை மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தவள் நான்.

அவர்கள் மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். நான் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எண்ணெயைத் திரும்ப ஏற்ற முடியாது. அதே மாதிரி ஒரு கறையை உண்டாக்கிக் கொடுக்க எனக்குத் தெரியும், ஆனால் அது பொய். அந்த அம்மாவின் கைக்கு அரை நொடியில் தெரிந்துவிடும்.

ஒன்பது நாளில் அந்த எண்ணெய் எங்கே போனது என்று யோசித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எங்கும் போகவில்லை. ஒற்றுத்தாளில் இறங்கியது. தாளை நான்தான் எடுத்தேன்.

சால்வென்ட் பட்ட தாளைச் சாதாரணக் குப்பையில் போடக் கூடாது, தீப்பிடிக்கும். மொட்டைமாடிக் கொட்டகையில் மூடி போட்ட தகர டின் இருக்கிறது, அதில்தான் போடுவோம். நிறைந்ததும் அதற்கென்று உள்ளவர்கள் வந்து எடுத்துப்போவார்கள்.

"அண்ணாச்சி! மேல உள்ள டின்னை எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

"நேத்து போன் பண்ணுனாங்க மேடம், வரட்டுமான்னு. இன்னும் நாலு விரக்கடை நிறையணும்னு நீங்க சொன்னதா ஞாபகம். நாளைக்கு வரச் சொல்லிருக்கேன்."

என் கஞ்சத்தனம் என்றைக்குமே யாருக்கும் உதவியதில்லை, அன்றைக்கு உதவியது. படியேறி ஓடினேன். அண்ணாச்சி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தார். கொட்டகை வெக்கையில் டின் கொதித்தது. மூடியைத் திறந்ததும் அடித்த நெடியில் அவர் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். பஞ்சு, கையுறை, கந்தல் என்று ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து வெளியே போட்டேன். நான் எந்தத் தாளிலும் பென்சிலால் எண் போட்டு வைக்கிறவள், அது ஒன்றுதான் என்னிடம் உள்ள நல்ல பழக்கம். பதினேழு, பதினாறு, ஒன்பது என்று வெளுத்த தாளாக வந்தன. அடியில், மற்றத் தாள்களுக்குக் கீழே கசங்கி, ஒன்று என்று எழுதியது கிடந்தது.

பிரித்துப் பார்த்தேன். நடுவில் பழுப்பாக, வட்டமாக, கையகலத்துக்கு அப்படியே இறங்கியிருந்தது. ஓரத்தில் நிறம் மங்கி மங்கிப் போயிருந்தது. அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆளோட தலைதான் மேடம்" என்றார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

ஒரு பொருளிலிருந்து எடுத்த எதையும் வெளியே கொடுக்கக் கூடாது என்பது விதி. காட்சியகத்தை நடத்துகிறவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கழிவுப் பதிவில் ஒரு தாள் குறைகிறது என்று எழுதிவைக்கச் சொன்னார், வேறொன்றும் கேட்கவில்லை. முந்தின, பிந்தின படங்களை மாட்டிய பலகையை அன்றைக்கே கழற்றினேன். தாளை மொட்டைமாடியில் வலைக்கு அடியில் பரத்தி, நாலு மூலைக்கும் கல் வைத்து, ஆறு நாள் காற்றாட விட்டேன். காக்கா வந்துவிடக் கூடாதென்று மணிக்கொரு தரம் போய்ப் பார்த்தேன். அவர்களுக்குப் போன் செய்யவில்லை. என்னவென்று சொல்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தாளை அட்டைகளுக்கு நடுவில் வைத்து ஆறுமுகநேரிக்கு பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைக்கவில்லை. அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றே போனேன். கண்டக்டர், "லக்கேஜாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன்.

அந்த அம்மா முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். கையைக் கழுவிவிட்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து அட்டையைப் பிரித்தார்கள். அது என்னவென்று நான் சொல்ல வாயெடுத்தேன், அதற்குத் தேவையே இல்லை. அவர்கள் கை தானாக வட்டத்தின் மேல் போய் அமர்ந்தது. சுவரில் மாலையோடு ஆதார் கார்டு முகம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. உண்மையிலேயே அது வேறு யாரோ மாதிரிதான் இருந்தது.

பிறகு தாளைத் தூக்கி முகர்ந்தார்கள். எனக்குத் திக்கென்றது. ஆறு நாள் காய்ந்தும் சால்வென்ட் வாடை முழுக்கப் போகவில்லை.

"மருந்து வாசம்லா அடிக்கி" என்றார்கள்.

"ஆமாம்மா. எண்ணெய் வாசம் இனிமே வராது. என்னை மன்னிச்சிருங்க."

அவர்கள் நான் சொன்னதைக் கேட்டதாகத் தெரியவில்லை. இன்னொரு தடவை, ஆழமாக முகர்ந்தார்கள்.

"டார்க் ரூம்ல படம் கழுவிட்டு வந்தா அவிய மேல இப்படித்தான் அந்த ஹைப்போ மருந்து அடிக்கும். எத்தனை சோப்பு போட்டுக் குளிச்சாலும் போவாது. கல்யாணம் முடிஞ்ச புதுசுல எனக்குக் கொமட்டும், அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிடுவேன். பொறவு அது இல்லாம எனக்கு ஒறக்கம் வந்ததில்ல."

எழுந்து, கட்டிலில் சுவரோரமாகக் கிடந்த தலையணையை எடுத்தார்கள். உறை மடிப்புக் கலையாமல் இருந்தது, அதில் யாரும் படுப்பதில்லை. உறையைத் திறந்து தாளை உள்ளே வைத்து, சுருக்கம் விழாமல் தடவிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்கள்.

எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. "இன்னும் ரெண்டு நாள் வெயில்ல காயப்போட்டா அந்த வாசமும் போயிரும்மா, குடுங்க, நான் வேணா…" என்று எழுந்தேன்.

அவர்கள் தலையணையின் மேல் கையை அழுத்தி வைத்துக்கொண்டார்கள்.

"ஏளா, இது போவக் கூடாது."

நான் கையை எடுத்துக்கொண்டேன்.